பதினோரு சுற்று

மே 2, வெள்ளி

கிளப்பில் ஐந்து மணிக்குக் கமிட்டிக் கூட்டம் என்றார்கள். ஆறரைக்குத்தான் ஆரம்பித்தது. அதற்குள் நான் வீட்டுக்குப் போய் மாவு ஆட்டிவிட்டே வந்திருக்கலாம்.

இந்த வருடக் கூடைப்பந்துப் போட்டி பதினைந்தாம் தேதி தொடங்குகிறது. அணிகள், நடுவர்கள், சாப்பாடு எல்லாம் முடிவாகிவிட்டது. சண்டை முழுக்க நட்சத்திர நாளைப் பற்றித்தான். அரையிறுதிக்கும் இறுதி ஆட்டத்துக்கும் நடுவில் ஒரு மாலை அது. வந்திருக்கும் அணிகளிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களைப் பொறுக்கி இரண்டாகப் பிரித்து ஆடவிடுவோம். அதற்கு முன்னால் டங்க் போட்டி. ஓடிவந்து எம்பி, பந்தை மேலிருந்து வளையத்துக்குள் அறைந்து போட வேண்டும். தலைவர் தவசிமுத்து அண்ணாச்சி பதினைந்து வருடமாக அதை ‘அறைப் போட்டி’ என்றுதான் சொல்கிறார். யாரும் திருத்துவதில்லை.

ஹட்சன் ஆரம்பித்து வைத்தான். கூட்டுறவு வங்கியில் வேலை, கமிட்டியில் எல்லாரையும்விட இளையவன். ராத்திரி முழுக்க அமெரிக்க ஆட்டம் பார்த்துவிட்டுக் கவுன்டரில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறவன்.

“அண்ணாச்சி, அமெரிக்காவுலயே இந்தப் போட்டி செத்துப்போச்சுன்னு அடிச்சிக்கிடுதானுவ. பெரிய ஆட்டக்காரன் எவனும் குதிக்க வரமாட்டேங்கான். நாம மட்டும் ஏன் கட்டிக்கிட்டு அழணும்? தூரத்துலேருந்து போடுற மூணு பாயின்ட் போட்டி வைப்போம். பொம்பளப் பிள்ளைகளுக்கும் ஒரு நட்சத்திர ஆட்டம் வைப்போம்.”

“பொம்பளப் பிள்ளைக ஆட்டம் வைங்க, வேண்டாங்கல. அறைப் போட்டிய எடுத்தா சனம் வராது வே” என்றார் அண்ணாச்சி.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு யோசனை. மோட்டார் சைக்கிளை நிறுத்தி அதைத் தாண்டிக் குதிக்க வைக்கலாம் என்றார் ஒருவர். பழைய ஆட்டக்காரர்களை ஆடவிடலாம் என்றார் இன்னொருவர். அவரே பழைய ஆட்டக்காரர். மார்க் போடும் நடுவர்களை வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டும் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒற்றுமை, ஏனென்றால் உள்ளூர் நடுவர்கள் எல்லாருக்கும் பத்துக்குப் பத்து போட்டுவிடுகிறார்கள்.

கடைசியில் பேச்சு பொன்சிங்கில் வந்து நின்றது. போன இரண்டு வருடமும் ஜெயித்தவன் அவன். நம் ஊர்க்காரன். ஐந்தடி பதினொன்று உயரம். பயிற்சியில் அவனால் ஒருநாளும் டங்க் போட முடிந்ததில்லை. நட்சத்திர நாளில் மட்டும் இரண்டு கையாலும் போடுவான். கைதட்டல் அவனைத் தூக்கிவிடுகிறது என்று ஊரே நம்புகிறது. நாலாயிரம் பேர் ஒரே தாளத்தில் தட்டி “எந்திரி பொன்சிங், எந்திரி பொன்சிங்” என்று கத்துவார்கள்.

“கால் முட்டு போச்சுன்னு சொல்லுதாங்களே” என்றான் ஹட்சன்.

“நம்ம சனம் தட்டினா அவன் எந்திரிப்பான்” என்றார் அண்ணாச்சி.

தொழில்நுட்பச் செயலாளர் என்ற முறையில் என் பொறுப்பு கம்பம், வலை, கோடு, ஸ்கோர் மேசை. கூட்டக் குறிப்பை எழுதி வாசித்துவிட்டு வந்தேன்.

மே 3, சனி

திரைச்சீலை துவைத்தேன். விசில்கள் ஏழையும் வெந்நீரில் போட்டுக் கழுவினேன். வேறொன்றும் இல்லை.

மே 5, திங்கள்

கம்பங்களுக்கு எண்ணெய் போட மைதானத்துக்குப் போனேன். இரண்டும் ஜாக்கி வைத்த கம்பங்கள். அடியில் ஒரு இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் கைப்பிடி மாட்டுகிற துளை. கைப்பிடியைச் சுற்றினால் பலகையும் வளையமும் சேர்ந்து ஏறும், இறங்கும். கைப்பிடி என் பொறுப்பு. வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

வடக்குக் கம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது பொன்சிங் வந்தான். வலது முட்டியில் பட்டை கட்டியிருந்தான். வந்த நடையே சரியில்லை. ஒரு காலை ஊன்றி, மறு காலைக் கூட்டிக்கொண்டு வருகிற நடை.

“டீச்சர், எண்ண நல்லா போடுங்க. இந்தத் தடவ நான் குதிக்கேன்.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்காம். அவரு என்னத்தையாவது சொல்லிக்கிட்டு இருப்பாரு.”

பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டான். பிப்ரவரியில் சென்னையில் நடந்ததை நான் கேட்காமலே சொன்னான். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வு. டங்க் போடத் தெரிந்தவர்கள் போட்டுக் காட்டலாம் என்றார்களாம். இவன் முதல் ஆளாகக் கையைத் தூக்கியிருக்கிறான். மூன்று முறை ஓடியிருக்கிறான்.

“மூணு மட்டமும் வளையம் இங்கன இடிச்சிட்டு டீச்சர்” என்று மணிக்கட்டைக் காட்டினான். “பந்து எகிறிப் போயிட்டு. ஒருத்தன் சிரிச்சான். பொறவு ஒழுங்கா ஆடவே வரல்ல, பக்கத்துல போய்ப் போடுற லே-அப்கூட விட்டுட்டேன். ஊருக்கு வந்து முதுவுல மணல் மூட்டையக் கட்டி ஆலயத்துப் படியில ஏறி ஏறிக் குதிச்சேன். மார்ச்சுல ஒருநா டப்புன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.”

நான் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

“ஒரே ஒரு தடவ, நம்ம கூட்டத்துக்கு முன்னால போட்டுட்டேன்னா எனக்கு நம்பிக்க வந்திரும் டீச்சர்.”

வெயில் ஏறிவிட்டது, வீட்டுக்குப் போ என்றேன். தெற்குக் கம்பத்துக்கு எண்ணெய் போடாமலே வந்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்

இன்றும் குழாயில் தண்ணீர் வரவில்லை.

மே 8, வியாழன்

எழுதாமல் இருந்தால் இல்லாமல் போய்விடாது. எழுதிவிடுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் நட்சத்திர நாளில் ஒன்பது பேர் குதித்தார்கள், ஒருவனும் போடவில்லை. சனங்கள் ஊளையிட்டார்கள். பாதிக் கூட்டம் எழுந்து ஐஸ் கடைக்குப் போய்விட்டது. அடுத்த வருடம் நட்சத்திர நாள் காலையிலேயே அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “டீச்சர், வடக்குக் கம்பத்த மட்டும் கொஞ்சம் இறக்கிவைங்க. குதிச்சு முடிச்சதும் ஏத்திருவோம். மேட்ச் இல்லியே, சும்மா ஒரு சந்தோசத்துக்குத்தான” என்றார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு யாரும் இல்லாத நேரம் போய்க் கைப்பிடியைச் சுற்றினேன். பதினோரு சுற்று. ஐந்து அங்குலம் இறங்கியது. பத்தடி இருக்க வேண்டிய வளையம் ஒன்பதடி ஏழு அங்குலம். கீழே நிற்கிற கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நான் முப்பது வருடமாக வளையத்தைப் பார்க்கிறவள், எனக்கே தெரியவில்லை. வெளியூர் உயரக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் ஏன் சொல்லப் போகிறார்கள்?

அன்று சாயங்காலம் ஆறு பேர் போட்டார்கள். ஊர் ஆடியது. அதற்கு அடுத்த வருடம் பொன்சிங் வந்தான்.

அண்ணாச்சி சொன்னார், நான் செய்தேன். அவ்வளவுதான்.

மே 11, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பொன்சிங்கின் அம்மா கிரேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உப்பளக் கம்பெனியில் அவன் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் வேலையைப் போன ஜூலையில் விட்டுவிட்டுத்தான் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கச் சென்னைக்குப் போனான். இப்போது அந்த வேலையில் வேறு ஆள்.

“ஜெபம் பண்ணிக்கோங்க டீச்சர். நட்சத்திர நாளைக்குள்ள அவனுக்குக் கால் சொகமாவணும். நம்ம சனம் தட்டினா எம்புள்ள எந்திரிச்சிருவான்.”

“பண்ணுறேன்க்கா” என்றேன்.

“நீங்க மேசையில இருக்கீங்கங்கிறதே அவனுக்குத் தைரியம். எங்க டீச்சர் எங்க டீச்சர்னுதான் சொல்லுவான். நீங்க பொம்பளப் பிள்ளைக பள்ளிக்கூடத்து டீச்சர்னாலும் அவனுக்கு எங்க டீச்சர்தான்.”

மாங்காய் வாங்க வேண்டும் என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டேன். மாங்காய் வாங்கவில்லை.

மே 13, செவ்வாய்

இரண்டாவது கூட்டம். நான் ஒரு யோசனை சொன்னேன். பதினெட்டு வருடக் கமிட்டி வாழ்க்கையில் நட்சத்திர நாளைப் பற்றி நான் வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை.

டங்க் போட்டிக்குப் பதில் எம்பு உயரப் போட்டி. ஒரு உயரமான கரும்பலகை. ஒவ்வொருவரும் முதலில் நின்றபடி கையைத் தூக்கிச் சாக்பீஸ் பொடி தொட்ட விரலால் ஒரு கோடு வைக்க வேண்டும். பிறகு எம்பி இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையில் எத்தனை அங்குலமோ அதுதான் மார்க். உயரமானவன், குட்டையானவன், பையன், பெண் எல்லாரும் ஒரே போட்டியில் நிற்கலாம். பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் செய்வதுதான். இதில் வளையமே கிடையாது என்றேன். அதை இரண்டு தடவை சொல்லிவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது.

ஹட்சன் கேட்டுக்கொண்டான். “நல்லாத்தான் இருக்கு. அஞ்சடிக்காரன் ஆறரை அடிக்காரன ஜெயிக்கலாம்லா? சனத்துக்கு அது புடிக்கும்.”

அண்ணாச்சி சிரித்துவிட்டார். “டீச்சர், கல்யாண வீட்டுக்கு வந்தவன் எலையில மருந்து வைக்கச் சொல்லுதீங்க. செவுத்துல கோடு போடுறதப் பாக்கவா சனம் வரும்? சத்தம் வேணும். பலக அதிரணும்.”

கடைசி முடிவு: டங்க் போட்டி உண்டு. பலகையை ஒரு ஓரத்தில் வைக்கலாம், இஷ்டப்பட்டவர்கள் எம்பட்டும். பொன்சிங்குக்குத் தனியாக ஒரு குதி, போட்டியின் முடிவில், விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அவன் மேல் மட்டும் ஒளி போட்டு. ஃபிளெக்ஸ் ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டதாம்.

“அவன் முட்டு தாங்காது அண்ணாச்சி” என்றேன்.

“அவன்தான் டீச்சர் என் கடைக்கு வந்து கேட்டான்.”

மே 14, புதன்

அண்ணாச்சியின் டைல்ஸ் கடைக்குப் போனேன். குளியலறை டைல்ஸ் பார்க்க வந்த ஒரு குடும்பம் போகிறவரை காத்திருந்தேன். பிறகு, இந்த வருடம் கம்பத்தை இறக்க மாட்டேன் என்றேன்.

அவர் பேனாவை மூடிவைத்தார். “எந்தக் கம்பத்த?”

“வடக்குக் கம்பத்த. நட்சத்திர நாளைக்கு.”

என்னை ஏறிட்டுப் பார்த்தார். நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

“டீச்சர், நான் ஒரு வருசம்தான சொன்னேன். அந்த ஊளையிட்ட வருசத்துக்கு மறு வருசம். பொறவு நான் சொல்லவே இல்லியே. நீங்க இப்பவும் இறக்கிக்கிட்டா இருக்கீங்க?”

மேசையிலிருந்த ஒரு டைல்ஸ் துண்டை எடுத்துத் திருப்பி வைத்தேன்.

“அப்போ பொன்சிங்கு போட்டதெல்லாம்?”

கடையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு வியர்த்துவிட்டது. எனக்கும்தான்.

“யாருட்டயும் மூச்சு விடாதீங்க. இந்த வருசமும் இறக்கிருங்க, அவன் ஒண்ணு போட்டுட்டுப் போட்டும். அடுத்த வருசத்துலேருந்து போட்டிய எடுத்திருவோம்” என்றார்.

எட்டாம் தேதி எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். அண்ணாச்சி சொன்னார், நான் செய்தேன் என்று இருக்கிறது. முதல் வருடம் அது உண்மை. அடுத்த இரண்டு வருடம் யாரும் சொல்லவில்லை. நானேதான் மத்தியானம் இரண்டு மணிக்குப் போனேன். நானேதான் எண்ணி எண்ணிச் சுற்றினேன். எனக்குப் பிடித்திருந்தது. நாலாயிரம் பேரும் ஒரே நேரத்தில் எழுந்து கத்தும்போது, அந்தச் சத்தம் என் கையிலிருந்து வந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். அதுவரை யாரும் எனக்குக் கைதட்டியதில்லை.

மே 15, வியாழன்

போட்டி தொடங்கியது. மூன்று ஆட்டம். இரண்டாவது ஆட்டத்தில் கடிகாரம் நின்றுபோய்க் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஓட்டினோம். நம் ஊர் அணி பதினான்கு பாயின்ட் வித்தியாசத்தில் தோற்றது.

மே 17, சனி

காலையில் மைதானத்துக் கோடுகளுக்குப் பெயின்ட் தொட்டுக்கொண்டிருந்தேன். தெற்குப் பக்கம் பொன்சிங் தனியாக ஓடிவந்து எம்பினான். விரல் நுனி வலையைத் தொட்டது, அவ்வளவுதான். இறங்கும்போது கால் மடங்கி விழுந்தான். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டான். முட்டி வீங்கிக்கொண்டு வருவது கண்ணுக்குத் தெரிந்தது.

“ஒண்ணுமில்ல டீச்சர். இப்ப கூட்டம் இல்லலா, அதான்.”

ஐஸ் வாங்கிக்கொண்டுவந்து துணியில் கட்டி வைத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொண்டான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அம்பயர்கள் டீ குடிக்க வந்துவிட்டார்கள்.

இல்லை. அவர்கள் டீ குடித்துவிட்டுப் போன பிறகும் அவன் அங்கேதான் இருந்தான்.

மே 19, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மைதானத்துக்கு வரச் சொன்னேன். பத்தடி அளவுக் கம்பை எடுத்து வடக்கு வளையத்தின் விளிம்பை ஒட்டித் தரையில் சாய்க்காமல் நிறுத்தினேன். கம்பின் தலையும் வளையமும் சரியாக இருந்தன. பார்த்துக்கொள் என்றேன். பிறகு கைப்பிடியை மாட்டி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே சுற்றினேன். பதினொன்று வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடியும் கம்பை வைத்தேன். வளையத்துக்கு மேல் ஐந்து அங்குலம் கம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

“என்ன டீச்சர், புதுப் போட்டியா?” என்று சிரித்தான்.

“போன ரெண்டு வருசமும் நட்சத்திர நாள்ல வளையம் இந்த உயரத்துலதான் இருந்துச்சு. நான்தான் இறக்கினேன்.”

அவன் கம்பைப் பார்த்தான். வளையத்தைப் பார்த்தான். வளையத்துக்கு அடியில் போய் நின்று வலது கையைத் தூக்கிப் பார்த்தான். மணிக்கட்டை இடது கையால் தடவிக்கொண்டான். சென்னையில் வளையம் எங்கே இடித்ததென்று எனக்குக் காட்டிய அதே இடம்.

“அப்போ என் காலுல வலு கொறையல்லியா?”

“இல்ல.”

“பிப்ரவரில நான் எப்பவும் குதிக்கிற மாதியேதான் குதிச்சேனா?”

“ஆமா.”

பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். “மூணு மட்டம் இடிச்சதும் என்ன நெனச்சேன் தெரியுமா? மொதல்ல, கூட்டம் இல்ல, அதான்னு நெனச்சேன். பொறவு, இருந்தது போயிட்டுன்னு நெனச்சேன். போனதத் தேடித்தான டீச்சர் மணல் மூட்டையக் கட்டுனேன். இருந்ததே இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் தேடிருக்க மாட்டேன்லா. இந்தக் காலு நல்லா இருந்திருக்கும்லா.”

மன்னித்துக்கொள் என்றேன். அவன் அதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை.

“போன ஜூன்ல உங்க வீட்டுக்கு வந்தேன். வேலைய விட்டுட்டு மெட்ராசுக்குப் போவட்டான்னு கேட்டேன்.”

“கேட்ட.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

போ என்று சொன்னேன். இதை இதுவரை இந்த நோட்டில் நான் எழுதவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். உன்னால் முடியும் என்றேன். வாசல்வரை வந்து வழியனுப்பினேன். போகாதே என்று சொல்ல வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

எழுந்து போகும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: “மைக்குல சொல்லுங்க. எங்கம்ம இருக்கும்போது சொல்லுங்க. இல்லன்னா சாவுற வரைக்கும் என்னைய எந்திரி எந்திரின்னு கத்திக்கிட்டே கெடப்பாங்க.”

வளையத்தைப் பதினோரு சுற்று ஏற்றினேன். அளந்து பார்த்தேன். பிறகும் ஒருமுறை அளந்தேன்.

மே 20, செவ்வாய்

அரையிறுதி இரண்டும் முடிந்தன. அண்ணாச்சி தொலைபேசியில் நான்கு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

மே 21, புதன்

மைதானம் ஐந்தரைக்கே நிறைந்துவிட்டது. சுற்றுச்சுவர் மேலும் ஆட்கள். வடக்குக் கம்பத்துக்குப் பின்னால் பொன்சிங்கின் படம் போட்ட ஃபிளெக்ஸ், இரண்டு ஆள் உயரம். ஹட்சன் கரும்பலகையை ஒரு ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

போட்டியைத் தொடங்குவதாகச் சொல்ல வேண்டிய மைக் என் மேசையில் இருந்தது. கூட்டம் அதற்குள் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. பொன்சிங் ஆட்டக்காரர்கள் பெஞ்சில் சட்டையும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா பெண்கள் பக்கத்தில் இரண்டாவது வரிசை.

நான் எழுந்து நின்று சொன்னேன். என் பெயர் ஜெயசீலி, இந்தக் கிளப்பின் தொழில்நுட்பச் செயலாளர் என்று தொடங்கினேன். போன மூன்று வருடமும் டங்க் போட்டியில் வளையம் ஐந்து அங்குலம் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தது, தாழ்த்தியது நான், குதித்த ஒருவருக்கும் நான் சொல்லவில்லை, இன்று வளையம் பத்தடியில் இருக்கிறது என்றேன். எழுதிக்கொண்டுபோன தாளைப் பார்க்கவேயில்லை.

தாளம் அங்கங்கே நின்று, பிறகு முழுக்க நின்றது. இவ்வளவு பேர் இருக்கும்போது மைதானம் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். சுவர்ப் பக்கத்திலிருந்து வந்த முதல் குரல், “ஏல பொன்சிங்கு, ரெண்டு வருசமா எங்கள முட்டாளாக்கிருக்க!” என்றது. சிரிப்பு கிளம்பியது. “கள்ள டங்க்கு!” என்றான் இன்னொருவன். அது பிடித்துக்கொண்டது. எந்திரி எந்திரி என்று தட்டிய அதே தாளத்தில் கள்ள டங்க்கு, கள்ள டங்க்கு என்று தட்டினார்கள்.

“அவனுக்குத் தெரியாது, நான்தான் செஞ்சேன், அவனுக்குத் தெரியாது” என்று மைக்கில் கத்தினேன். அண்ணாச்சி வந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். ஜாக்கியில் சின்னக் கோளாறு, டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்று என்னென்னவோ சொன்னார்.

பொன்சிங் எழுந்து நின்றான். போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. அவர்கள் தட்டி ஓய்கிறவரை அந்தப் பெஞ்சுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான்கைந்து நிமிடம் இருக்கும். பிறகு உட்கார்ந்தான்.

கிரேஸ் அக்கா மேசைக்கு வந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “நீங்களா டீச்சர்?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். திரும்பிப் போய் மகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், ஆட்டக்காரர்கள் பெஞ்சில்.

போட்டி நடந்தது. ஏழு பேரில் வெளியூர்க்காரன் ஒருவன்தான் போட்டான். ஆறடி ஆறு அங்குலம். எப்போது தட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கரும்பலகைப் பக்கம் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நான்கு பேர் போய் எம்பினார்கள். ஹட்சன் அளந்தான். யாரும் பார்க்கவில்லை.

மே 22, வியாழன்

இறுதி ஆட்டம். நான் மேசையில் இல்லை. காலையில் ஹட்சனிடம் கைப்பிடியையும் ராஜினாமாக் கடிதத்தையும் கொடுத்தேன். “கைப்பிடிய மட்டும் வாங்கிக்கிடுதேன் டீச்சர்” என்றான். கடிதத்தையும் வாங்க வைத்தேன். கமிட்டி அதைப் பத்தே நிமிடத்தில் ஏற்றுக்கொண்டதாம். எந்தத் தீர்மானமும் இவ்வளவு சீக்கிரம் நிறைவேறியதில்லை.

ஃபிளெக்ஸில் பொன்சிங்கின் முகத்தை யாரோ கிழித்துவிட்டார்களாம். தண்டனை எனக்கு என்று நினைத்துத்தான் மைக்கை எடுத்தேன். அவனுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

மே 25, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. பொன்சிங் மூட்டை கட்டிக் குதித்த அந்தப் படியில் ஏற மனம் வரவில்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. புத்தகம் கொடுக்கிற வேலை. மாடியில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பட்டியல் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் பொன்சிங் நின்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

உள்ளே வரச் சொன்னேன். நாற்காலியைக் காட்டினேன். அவன் உட்காரவில்லை. உறையிலிருந்து இரண்டு சான்றிதழ்களை எடுத்து மேசையில் வைத்தான். டங்க் போட்டி, முதல் பரிசு. இரண்டிலும் தொழில்நுட்பச் செயலாளர் என்று என் கையெழுத்து.

திருப்பித் தர வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கிழித்துப் போட வந்திருக்கிறான் என்றும் நினைத்தேன். எதுவானாலும் சரி என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

“இதுல வளையத்தோட உயரத்த எழுதித் தாங்க” என்றான்.

பேனாவை எடுத்தேன். ஓரத்தில் இடம் இருந்தது. ‘வளையம் ஐந்து அங்குலம் குறைவாக’ என்று எழுதத் தொடங்கினேன். அவன் குனிந்து பார்த்துவிட்டுச் சான்றிதழின் மேல் கையை வைத்தான்.

“கொறைவான்னு எழுதாதீங்க. எவ்வளவு இருந்துச்சோ அத எழுதுங்க. அவ்வளவு நான் குதிச்சேன்லா.”

எழுதியதை அடித்துவிட்டு, ஒன்பதடி ஏழு அங்குலம் என்று எழுதினேன். இரண்டிலும் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டேன். மை காயும்வரை அவன் ஊதிக்கொண்டிருந்தான். பிறகு இரண்டையும் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு உறைக்குள் வைத்தான்.

“வாரேன்” என்றான். டீச்சர் என்று சொல்லவில்லை.

மாடிப்படியில் அவன் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் இறங்கினான். கீழே போய்ச் சேர நெடுநேரம் ஆயிற்று.